உன்னிச்சைக்கு முன்னே போன மோட்டார் சைக்கிள்

1

போன வாரம் வேலைக்குப் போகிற வழியில் தம்பி குகனின் குரற்செய்தி வந்தது. சைக்கிளை ஓரமாக நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். இங்கே சித்திரை மாதத்திலும் காலையில் விரல் விறைக்கும்.

"அக்கா, இந்த முறையும் பொம்புளப் புள்ளையள்ற ஓட்டம் இரிக்கு. போன முறைய விடக் கூடப் பேர் தந்திரிக்காங்க. முன்னுக்குப் போக உங்களத்தான் கேக்கார் செயலாளர். ஏலுமெண்டா வாங்க."

இந்த முறை விடுமுறை கிடைக்காது, போக முடியாது. இருந்தாலும் அந்த இடத்திலேயே தனியாக நின்று சிரித்தேன். நாயோடு நடந்து வந்த ஒரு ஜெர்மன் அம்மா, எல்லாம் நலமா என்று கேட்டார். நலம், எங்கள் ஊரில் பெண்களின் சைக்கிள் ஓட்டம் நடக்கப்போகிறது என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். மட்டக்களப்பு என்றேன். அவருக்குத் தெரியவில்லை. வாவி எங்கே, கடல் எங்கே, நடுவில் நாங்கள் எங்கே என்று கையால் காற்றில் வரைந்து காட்டினேன். நாய் பொறுமை இழந்து இழுத்துக்கொண்டு போகும்வரை விளக்கினேன்.

அன்று வேலைக்குச் சுணங்கிப் போனேன். போன வருடத்து ஓட்டத்தைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

2

நான் ஜெர்மனிக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ரூர் ஆற்றுப் பக்கம் ஒரு நடுத்தர நகரம். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. வேலைக்குச் சைக்கிளில்தான் போவேன், மழையானாலும் பனியானாலும். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் எனது மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் கணவரும் நானும் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு பழைய கார். எங்கள் மகளைவிட அதற்கு வயது கூட. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பொனற்றைத் திறந்துவைத்து, கையெல்லாம் எண்ணெயாக நிற்கிற நேரம் எனக்குக் கோயிலில் நிற்கிற நேரம் மாதிரி.

இது இங்குள்ளவர்களுக்கு விளங்குவதில்லை. சைக்கிள்காரர் ஒரு கட்சி, கார்காரர் ஒரு கட்சி. எங்கள் நகரத்துப் பத்திரிகையில் வாசகர் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கட்சியும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒற்றுமையாகத் திட்டுவது மோட்டார் சைக்கிளை மட்டும்தான். சனிக்கிழமைகளில் நான் போகிற சைக்கிள் குழுவில் கார்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்க முடியாது. ஆனால் அதில் அரைவாசிப் பேர் சைக்கிளைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டுதான் வந்து சேருவார்கள்.

எனக்கு மூன்றும் வேண்டும். காரை ஓட்டும்போது, முன்னால் போகிற சைக்கிள்காரர் ஏன் திடீரென்று வளைந்தார் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். சைக்கிளில் போகும்போது லொறிச் சாரதிக்கு என்னை எந்த இடத்தில் தெரியாது என்பதும் தெரியும். மோட்டார் சைக்கிள் எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான். சந்தோஷத்துக்கு.

இந்த நாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவே ஒரு சைக்கிள் கடையில்தான் தொடங்கியது. வந்த புதிதில் பதிவு அலுவலுக்காக என்னை 'ராட்ஹவுஸ்' போகச் சொன்னார்கள். 'ராட்' என்றால் சைக்கிள் என்று அந்த வாரம்தான் வகுப்பில் படித்திருந்தேன். 'ஹவுஸ்' என்றால் வீடு. நகரசபைக்கும் அதே உச்சரிப்பு, எழுதும்போது மட்டும் ஓர் எழுத்து வேறு என்பதை யார் கண்டது? பத்திரங்கள் நிறைந்த பையோடு சைக்கிள் கடையில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கல்யாணப் பதிவுச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன். கடைக்கார அம்மா அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்ன நடந்தது என்று விளங்கி, கடையைப் பூட்டிவிட்டு என்னை நகரசபைவரை நடத்திக்கொண்டு போய் விட்டார். அங்கே இன்னொரு பத்திரம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியில் அந்த அம்மாவிடம் ஒரு பாவித்த சைக்கிளை வாங்கினேன். ஜெர்மனியில் நான் எனக்கென்று வாங்கிய முதல் சாமான் அதுதான்.

3

ஊரில் எங்கள் வீடு கல்லடியில். அப்பா கல்யாணங்களுக்கு வாடகைக் கார் ஓட்டியவர். சந்தைக்குச் சைக்கிளில் போவார், தூரத்துக்கு மோட்டார் சைக்கிளில் போவார், பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றக் காரை எடுப்பார். மூன்றையும் ஒரே பழந்துணியால் துடைப்பார். அன்றைய கல்லடிப் பாலம் ஒடுங்கல். எதிரும் புதிருமாக இரண்டு வாகனம் போக முடியாது. ஒரு பக்கம் வரும்வரை மறுபக்கம் காத்து நிற்கும். பஸ், மாட்டுவண்டில், மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாம் ஒரே வரிசை. அந்த வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு, நீ எந்தக் கட்சி என்ற கேள்வி இன்றைக்கும் பிடிபடுவதில்லை.

படித்து முடித்ததும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள வேலை கிடைத்தது. வேலைக்குத் தந்தது ஒரு மோட்டார் சைக்கிள். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கமான படுவான்கரைக் கிராமங்கள்தான் என் பகுதி. வலையிறவுப் பாலத்தைக் கடந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி உருட்டி, ஏறி ஓடி, மறுபடியும் இறங்கி உருட்டி, உன்னிச்சைக் குளத்தடிவரை போய் வருவேன். அது சண்டைக் காலம். பயமில்லாமல் போனேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் எஞ்சினை உதைக்கும்போது எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காரும். வயல் வட்டைக்குள் வேலை செய்கிற பெண்கள் நிமிர்ந்து கையை ஆட்டுவார்கள். அந்தக் கைகளுக்காகவே ஹோர்ன் அடிப்பேன்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் பெண்களுக்கு மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி இருக்கும். கடைசியாக வருகிறவருக்குத்தான் வெற்றி. கால் நிலத்தில் பட்டால் வெளியே. அதில் என்னை யாராலும் வெல்ல முடிந்ததில்லை. பல வருடம் கழித்து ஜெர்மனியில் மோட்டார் சைக்கிள் பரீட்சைக்கு நின்றேன். ஊர் லைசன்ஸை மொழிபெயர்த்துக் கொடுத்தும் அது செல்லாது, முதலிலிருந்து தொடங்கு என்று சொல்லியிருந்தார்கள். பரீட்சகர், நடக்கிற வேகத்தில் ஒரு நேர்கோட்டில் ஓட்டிக் காட்டு என்றார். நான் ஓட்டினேன். ஓட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவரே கையை உயர்த்தி, போதும், இனி வேகமாக வரலாம் என்றார்.

மெதுவாக ஓட்டும் போட்டி எங்களுக்கு. உன்னிச்சைவரை போகிற நீண்ட ஓட்டம் ஆண்பிள்ளைகளுக்கு. வாரத்தில் பல நாள் உன்னிச்சைக்குப் போய் வந்துகொண்டிருந்த நான்கூட, அந்த ஓட்டத்தில் ஏன் எங்களுக்கு இடமில்லை என்று கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை.

4

கேட்டது என் மகள் வினுஷா.

வினுவுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் நகரப் போக்குவரத்துப் பற்றிப் படிக்கிறாள். சைக்கிள் கழகத்தில் ஓடுகிறாள். மாதத்தில் ஒரு நாள், கார்களைக் குறைக்கச் சொல்லி நகரத்தின் பெரிய வீதியை மறித்துச் சைக்கிள் ஊர்வலம் போகிறவர்களில் அவளும் ஒருத்தி. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். பன்னிரண்டு வயதுவரை என் இடுப்பைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தவள், பிறகு ஏற மறுத்துவிட்டாள். சத்தமும் புகையும், அதுவும் வெறும் சந்தோஷத்துக்காக, என்றாள்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சண்டை வந்தது. "அம்மா, நீங்கள் ஏதாவது ஒரு பக்கம் நிற்கத்தான் வேண்டும்," என்றாள், ஜெர்மனில்.

"நான் மூண்டு பக்கமும் நிப்பன்," என்றேன், தமிழில்.

கணவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கூட வலித்தது. இப்போதும் அவள் ஊர்வலத்துக்குப் போகிறாள், நான் மோட்டார் சைக்கிளை எடுக்கிறேன். அது இன்னும் தீரவில்லை.

போன வருடம் சித்திரைக்கு நானும் அவளும் மட்டும் ஊருக்குப் போனோம். கணவருக்கு வேலை. வினு தனது ஓட்டச் சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுவந்தாள். நாவற்குடாவில் குகன் வீட்டில் இறங்கியதும் எங்களைவிட அந்தப் பெட்டியைப் பார்க்கத்தான் ஆட்கள் வந்தார்கள்.

5

மறுநாள் பின்னேரம் குகன் எங்களை விளையாட்டுக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். புத்தாண்டு ஓட்டத்துக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். செயலாளர் சந்திரன் பாடசாலை ஆசிரியர், பொறுமையான மனிதர்.

வினு முன்னால் போய், ஜெர்மனியில் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழில் கேட்டாள். "அண்ணா, ஈருருளி ஓட்டத்தில் எனது பெயரையும் பதியுங்கள்."

"என்ன ஓட்டம் மனே?" என்றார் சந்திரன். 'மகளே' என்பது எங்கள் பக்கம் 'மனே'.

"ஈருருளி."

சுற்றி நின்ற பெடியன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "உருளைக்கிழங்கையா சொல்றா?" என்று ஒருவன் மெல்லக் கேட்டான்.

"சைக்கிளச் சொல்றாள்டா," என்றான் குகன்.

எல்லாரும் சிரித்தார்கள். வினுவும் சிரித்தாள். ஆனால் பெயரை விடவில்லை.

"பொம்புளப் புள்ளையளுக்கு மெதுவா ஓடுற போட்டி இரிக்கு மனே," என்றார் சந்திரன். "உன்னிச்சைக்குப் பெடியன்கள்தான் போற."

"ஏன்?"

அந்த 'ஏன்' எனக்கு எங்கேயோ போய்க் குத்தியது. சந்திரன் கோபப்படவில்லை. "வேற ஒண்டுமில்ல, பாதுகாப்புத்தான். மண் டிப்பர் ஓடுற றோட்டு. பெடியன்கள்ற ஓட்டத்துக்கு முன்னுக்கும் பின்னுக்கும் போகவே எங்கட்ட வாகனம் காணா. புள்ளையளுக்கு முன்னுக்கு ஆர் போற?"

வினு திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா போவா," என்றாள். "அம்மாக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியும்."

சத்தம், புகை என்று எனக்குப் பாடம் எடுத்த அதே வாய். நான் அவளைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"அக்காவா?" என்றார் சந்திரன்.

"அந்த றோட்டால சண்டைக் காலத்துச் செல்லடிக்குள்ளயும் ஓடின ஆள் நான், தம்பி," என்றேன். "டிப்பரப் பாத்தா பயப்படப்போறன்?"

"பின்னுக்கு நான் காரக் கொண்டுவாறன்," என்றான் குகன். அவனுக்கும் அப்பாவைப் போல வாடகைக் கார்தான் தொழில்.

செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது, பெயர் கொடுக்கப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வகுப்புக்குப் போகிறவர்கள், தையல் கடையில் வேலை செய்கிறவர்கள், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்த ஒருத்தி. உன்னிச்சையிலிருந்து டிலானி என்று ஒரு பிள்ளை வந்தாள். தகப்பனின் சைக்கிள், நடுவில் பார் வைத்தது, பின்னால் பெரிய கரியர். பாரம் குறையட்டும், அதைக் கழற்றட்டுமா என்று குகன் கேட்டான். "வேணா மாமா," என்றாள் அவள். "அது இல்லாம எனக்கு ஓடிப் பழக்கமில்ல."

மோட்டார் சைக்கிள் ஓட்ட எனக்கு அனுமதிப்பத்திரம் எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அலுவலகத்தில் இருந்தவர் கடவுச்சீட்டைப் புரட்டினார். "சொந்த இடம்?"

"கல்லடி."

"இதில ஜெர்மனி எண்டெல்லோ கிடக்கு. லைசன்ஸ மொழிபெயர்த்துக் கொண்டு வரணும்."

அங்கே ஊர் லைசன்ஸை மொழிபெயர்க்கச் சொன்னார்கள், ஊரில் ஜெர்மன் லைசன்ஸை மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். ஓட்டத்துக்கு முதல் நாள்தான் பத்திரம் கைக்கு வந்தது.

6

வலையிறவுப் பாலத்தடியில் விடிய வெள்ளண ஓட்டம் தொடங்கியது. பெடியன்கள் முதலில் போனார்கள். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு எங்கள் பிள்ளைகள். குகனின் மோட்டார் சைக்கிளில் நான் முன்னால், அவனுடைய கார் எல்லோருக்கும் பின்னால். இடையில் கதைப்பதற்காக என் போனின் ஒலிக்கருவியை ஹெல்மெட்டுக்குள் செருகியிருந்தேன்.

முன்னால் போவது சும்மா போவதல்ல. கிட்டப் போனால் பிள்ளைகள் என் புகையைக் குடிப்பார்கள். எட்டப் போனால் இடையில் மாடு வரும். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு எந்த வளைவில் மூச்சு வாங்கும், எந்த ஏற்றத்தில் வேகம் விழும் என்று தெரிந்தால்தான் மோட்டார் சைக்கிளை அந்த அளவுக்குப் பிடிக்க முடியும். எனக்குத் தெரிந்திருந்தது. வவுணதீவு தாண்டியதும் அறுவடை முடிந்த வட்டைகள் இரண்டு பக்கமும் விரிந்தன. வீட்டுப் படலைகளில் பெண்கள் வந்து நின்று கை தட்டினார்கள். "அடிச்சு ஓடுங்க புள்ள!" என்று யாரோ கத்தினார்கள். என் பக்கக் கண்ணாடி முழுக்கப் பிள்ளைகள். முதலில் வினு, குனிந்தபடி, ஊரே பார்க்கிற அந்தச் சைக்கிளில். அவளுக்குக் கொஞ்சம் பின்னால் டிலானி, நிமிர்ந்தபடி, கரியரோடு. எனக்கு நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. நான் ஓடிய றோட்டில் இத்தனை பெண்பிள்ளைகள்.

ஆயித்தியமலைக்கு அப்பால் ஒரு சின்னப் பாலத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வாகனம் மட்டும் போக இடம். வளைவுக்கு அந்தப் பக்கம் என்பதால், பிள்ளைகள் வருமுன் பார்த்துவிடலாம் என்று வேகமாக முன்னால் போனேன். எதிரே மண் ஏற்றிய டிப்பர் ஒன்று வந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளைப் பாலத்தின் நடுவில் குறுக்காக நிறுத்திக் கையை உயர்த்தினேன். டிப்பர் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் சில மோட்டார் சைக்கிள்கள்.

அந்த நேரம் பார்த்து ஹெல்மெட்டுக்குள் குகனின் குரல் கேட்டது. "அக்கா, வினு விழுந்திட்டாள். மாடு குறுக்கால வந்த. முழங்கால் வெட்டி ரத்தம் வருகுது. வாறீங்களா?"

"கை காலை அசைக்கிறாளா?"

"ஓம்."

"கதைக்கிறாளா?"

"ஜெர்மன்ல ஏசுறாள். மாட்டையா என்னையா எண்டு விளங்கல்ல."

டிப்பர்ச் சாரதி இறங்கி வந்தார். பேச்சில் ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் என்று தெரிந்தது. "என்ன அக்கா இது? நான் மண்ணக் கொட்டிட்டு இன்னும் ரெண்டு தரம் வரணும்."

"சைக்கிள் ஓட்டம் தம்பி. பொம்புளப் புள்ளையள் வாறாங்க. கடைசிப் புள்ள போகுமட்டும் நில்லுங்க."

"கடைசிப் புள்ள எப்ப வரும்?"

"தெரியா. அது என்ட மகள். இப்பதான் விழுந்திட்டாளாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குரல் மாறிவிட்டது. "அப்ப இங்க ஏன் நிக்கீங்க? கிறுகிப் போங்க அக்கா. நான் அசைய மாட்டன்."

"நீங்க அசைய மாட்டீங்க. உங்களுக்குப் பின்னுக்கு நிக்கிறவங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஏற்கெனவே பஸ்ஸின் ஓரத்தால் நுழைந்து வந்துகொண்டிருந்தன. போய் ஏறினார். டிப்பரைப் பின்னுக்கு எடுத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் வலது ஓரமாகச் சரித்து நிறுத்தினார். இடது ஓரத்தில் சைக்கிள் போக மட்டும் இடம் விட்டு, அந்த இடைவெளியில் தானே இறங்கி வந்து நின்றார். "இனி ஒருத்தரும் வர ஒண்ணா. போங்க."

நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் வளைவில் டிலானி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். எல்லாருடைய கண்ணும் என் மேல். எந்தப் பக்கத்தால் போவது என்று என்னைத்தான் பார்த்தார்கள். முன்னால் இன்னும் எத்தனை டிப்பர் வருமோ தெரியாது.

கிறுகித் திரும்பினால் மகள். நேரே போனால் இந்தப் பிள்ளைகள். யோசித்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை. கையைக் காட்டி, இடது ஓரத்தால் அவர்களை விட்டு, முன்னால் போனேன். உன்னிச்சைவரை ஒரு தடவையும் நான் வேகத்தை மாற்றவில்லை.

7

குளத்தடியில் ஒலிபெருக்கியும் சனமும் நிறைந்திருந்தன. முதலாவதாக வந்தவள் டிலானி. உன்னிச்சைச் சனம் போட்ட சத்தத்தில் கொக்குகள் எல்லாம் எழும்பின. தகப்பன் மகளைப் பார்க்கவா சைக்கிளைப் பார்க்கவா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறித் தடவிக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராகப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். கைக்குழந்தைக்காரியும் வந்துவிட்டாள். வினுவைக் காணவில்லை.

குகனுக்கு எடுத்தேன். "கார்ல ஏறமாட்டன் எண்டுறாள், அக்கா. அவள்ற சைக்கிள்ற முன்சில்லு வளைஞ்சு போச்சு. ஒரு வயலுக்காரர்ட்டக் கேட்டு அவர்ர சைக்கிள வாங்கி ஓடுறாள். சீற்று உயரம், காலும் நொண்டுறாள். நான் பின்னாலதான் வாறன்."

சந்திரனிடம் சொன்னேன். பரிசளிப்பைத் தொடங்க நின்றவர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப பாத்துக்கொண்டிருப்பம்," என்றார். யாரும் போகவில்லை. முதலே ஓடி முடித்த பெடியன்களும் அணைக்கட்டில் ஏறி நின்று றோட்டைப் பார்த்தார்கள்.

வெயில் ஏறிவிட்டது. பிறகு ஒருவன் கத்தினான். "வாறா! வாறா!"

துருப்பிடித்த பெரிய சைக்கிளில், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, முழங்காலில் குகனின் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு என் மகள் வந்தாள். சனம் முதலிடத்துக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டியது. அவள் கோட்டைத் தாண்டி இறங்கியதும் நான் ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்தேன்.

"நீங்க ஏன் வரல்ல?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

"மற்றப் பிள்ளைகள் பாலத்துக்கு வந்திட்டாங்க."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அந்த லொறி மாமா இன்னும் அங்கேயே நிண்டவர். நான் போகும்போது, உங்கட உம்மா முன்னால போறா, நீங்க போங்க எண்டு சொன்னார்." பிறகு, "உங்கட இடத்தில நிண்டா நானும் வந்திருக்க மாட்டன்," என்றாள்.

அதற்குமேல் பேச விடாமல் ஒலிபெருக்கிக்காரர் வந்துவிட்டார். "கடைசியா வந்தாலும் விடாம வந்த தங்கச்சி! பேரச் சொல்லுங்க. ஆர்ர புள்ள நீங்க?"

ஊரில் இந்தக் கேள்விக்குத் தகப்பன் பெயரையும் குறிச்சியையும் சொல்ல வேண்டும். அவளுக்கு அது தெரியாது. ஒலிவாங்கியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வினுஷா," என்றாள். "முன்னுக்கு மோட்டார் சைக்கிள்ல வந்தாவே, அவட மகள்."

குளத்தடி முழுக்க அது கேட்டது. சனம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, முகக்கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"வெயிலுக்குள்ள ஏன் அக்கா இன்னும் அதோட நிக்கீங்க?" என்று சந்திரன் கேட்டார்.

"திரும்பி ஓடவும் வேணுமே, தம்பி," என்றேன்.